மருந்து இருக்கா?

சிவகாசிப் பக்கம் மருந்து என்றால் யாரும் ஆஸ்பத்திரியை நினைப்பதில்லை. காய்ச்சலுக்கு விழுங்குவது மாத்திரை. இருமலுக்குக் குடிப்பது டானிக். புண்ணுக்குத் தடவுவது களிம்பு. மருந்து என்று தனியாகச் சொன்னால் அது பட்டாசுக்குள் போகிற பொடிதான். “மாப்பிள்ளை மருந்துல வேலை பாக்காரு” என்று தரகர் சொன்னால், பெண் வீட்டில் ஒரு கணம் பேச்சு நின்று பிறகுதான் தொடரும்.

எம். புதுப்பட்டியில் பிறந்து வளர்ந்த சவரிராஜுக்கும் அந்தச் சொல் அப்படித்தான் பழகியிருந்தது. விருதுநகர் பெரியாஸ்பத்திரியில் சன்னலுக்கு மேலே ‘மருந்து வழங்குமிடம்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும், கூட வந்திருந்த உக்கிரபாண்டி சத்தமாகவே சொன்னான்: “ஏ சவரி, பீடிய அணைச்சுட்டு வாப்பா. இங்கன மருந்து குடுக்காகளாம்.”

வரிசையில் நின்ற சிவகாசிக்காரர்கள் மட்டும் சிரித்தார்கள்.

உக்கிரபாண்டி, சவரிராஜ் ஓட்டுகிற லாரியின் கிளீனர். அவனைவிட மூத்தவன். பட்டாசு லோடு வண்டியில் இரண்டு பேரும் சேர்ந்து வடக்கே போகாத ஊரில்லை. அன்றைக்குத் துணைக்கு வந்ததற்குக் காரணம், சவரிராஜால் பஸ்ஸில் சாய்ந்துகூட உட்கார முடியவில்லை என்பதுதான்.

முதலில் இடுப்பில் அக்கி வந்தது. வலது பக்கம் ஆரம்பித்து முதுகு வரைக்கும் பெல்ட் கட்டின மாதிரி கொப்புளம். ஊர் வழக்கப்படி மண்பானை செய்கிற வேளார் வீட்டுக்குப் போய்ச் செங்காவியில் அக்கி எழுதிக்கொண்டான். வேளார் கொப்புளத்தின்மேல் சிங்கம் வரைந்தார். கொப்புளம் காய்ந்தது, காவி உதிர்ந்தது, வலி மட்டும் போகவில்லை. தீக்குச்சியை உரசி உரசித் தோலில் வைக்கிற மாதிரி இருந்தது. சட்டை பட்டால் எரியும், சீட் பட்டால் எரியும். கிளட்சை மிதிக்கும்போது இடுப்பு அசைந்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

“கொப்புளம் போயிருச்சு. வலி நரம்புல நின்னுருச்சு” என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

சன்னலில் இருந்த ஜெமிமா சிஸ்டர் மாத்திரை அட்டையை நீட்டிக்கொண்டே, “என்ன வேலை பாக்கீக அண்ணே?” என்று கேட்டார்.

“டிரைவர், சிஸ்டர்.”

“ஆட்டோவா?”

“லாரி. பட்டாசு லோடு.”

நீட்டின அட்டை திரும்ப உள்ளே போய்விட்டது. “டாக்டர்கிட்ட அதச் சொன்னீகளா?”

“அவரு கேக்கலையே.”

ஜெமிமா சிஸ்டர் எழுந்து வந்து அவனை மறுபடி டாக்டர் முன்னால் நிறுத்தினார். டாக்டர் இந்தத் தடவை நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து பேசினார். இந்த மாத்திரை நரம்பை அடக்கும், வலி குறையும். ஆனால் தூக்கம் வரும், தலை சுற்றும். உடம்பு பழகுகிற வரைக்கும் வண்டியைத் தொடக் கூடாது. பழகிவிட்டதா என்று அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், சவரிராஜாகத் தீர்மானிக்கக் கூடாது. இன்னொன்று, வலி குறைந்துவிட்டது என்று ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது. “திடீர்னு விட்டீங்கன்னா ராத்திரித் தூக்கமே போயிரும். வலி முன்னைய விட மோசமா வரும். குறைக்கணும்னா நான் கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பேன்.”

“வண்டி ஓட்டாம எப்படி சார்?”

“கம்பெனியில சொல்லுங்க. கொஞ்ச நாளைக்கு வேற வேலை குடுக்கட்டும்.”

கம்பெனியில் சொன்னான். அதுதான் இந்தக் கதையில் முக்கியம். அவன் சொன்னான்.

சாத்தூர் ரோட்டில் இருக்கிற செல்வநிலா லாரி சர்வீஸில் மேனேஜர் பெத்தணன் வைத்ததுதான் சட்டம். முதலாளி வெளியூரில் இருப்பவர். ஆடி பிறந்துவிட்டால் வடக்கே போகிற தீபாவளி லோடு முழுக்க பெத்தணன் கையில். அவர் மேசையைச் சுற்றி அன்றைக்கு அசன் முகம்மது உள்பட நாலைந்து டிரைவர்கள் நின்றிருந்தார்கள். கேட்டில் வண்டி பார்த்து அனுப்புகிற அருள்பாண்டி தண்ணீர் குடிக்க உள்ளே வந்திருந்தான்.

சவரிராஜ் மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேலேயே வைத்தான். “அண்ணாச்சி, இதப் போட்டா தூக்கம் வருமாம். டாக்டரு கொஞ்ச நாளு வண்டி எடுக்காதன்னுட்டாரு. கொடவுன்ல பெட்டி சரி பாக்கிற வேலை இருந்தாக் குடுங்க, பாத்துக்கிடுதேன்.”

பெத்தணன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சீசன்ல நீ கொடவுன்ல உக்காந்து பெட்டிய எண்ணிக்கிட்டிருந்தா வண்டிய யாருலே ஓட்டுவா? ஒன் டாக்டரா?”

நின்றவர்கள் சிரித்தார்கள். மேனேஜர் சிரிப்பு மூட்டினால் சிரிக்க வேண்டும், அதுவும் வேலையில் சேர்த்திதான்.

“இல்ல அண்ணாச்சி, தலை வேற சுத்துமாம்...”

“மாத்திரை போட்டாத்தானலே தூக்கம் வரும்? போடலன்னா வராதுல்ல? லோடு அன்னைக்கு விட்டுரு. முடிஞ்சுபோச்சு.”

“ஒரேயடியா விடக் கூடாதாம்.”

“அம்புட்டுப் படிச்சிருக்கியா நீ?” அட்டையை மேசையிலிருந்து அவன் பக்கம் தள்ளினார். “முடிஞ்சா ஓட்டு. முடியலன்னா சாவிய வச்சுட்டுப் போ. சீட்டுக்கு ஆளு வெளிய நிக்கான்.”

சாவியை வைத்துவிட்டுப் போயிருக்கலாமே என்று நாம் சுலபமாகக் கேட்டுவிடலாம். சீசனில் சீட்டை விட்டவனுக்கு சீசன் முடிந்த பிறகும் சீட் கிடையாது என்பது அந்த ரோட்டில் எல்லோருக்கும் தெரியும். வெடிபொருள் ஏற்றுகிற வண்டியை ஓட்டுவதற்குத் தனியாகப் பயிற்சிக்குப் போய், லைசென்ஸில் அதைப் பதிந்து வாங்கி வைத்திருந்தான் சவரிராஜ். அவனிடம் இருந்த ஒரே சொத்து அதுதான்.

வீட்டில் கனகமணி கேட்டாள், “பெத்தணன் எப்ப டாக்டருக்குப் படிச்சாரு?”

அவள் சிவகாசியில் ஒரு அட்டைப்பெட்டிப் பிரஸ்ஸில் வேலை பார்த்தாள். மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிற சின்னச் சின்னப் பெட்டிகளை மடித்து ஒட்டுகிற வேலை. ‘தூக்கம் வரலாம், வாகனம் ஓட்டாதீர்கள்’ என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சடித்த பெட்டிகளும் அவள் கை வழியாகத்தான் போயிருக்கும். அது என்ன எழுத்து என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. சிவகாசியில் அச்சாகி நாடு முழுக்கப் போகிற எச்சரிக்கை, சிவகாசியில் லாரி ஓட்டுகிறவனுக்குப் படிக்கத் தெரியாத பாஷையில் இருந்தது.

“ரெண்டு நாளு போட்டதுக்கே முகம் தெளிஞ்சிருந்துச்சு. இப்ப போயி நிறுத்தச் சொல்றானே பாவி” என்றாள்.

“லோடு அன்னைக்கு மட்டும்தான்.”

“சீசன்ல லோடு இல்லாத நாளு எது?”

அவள் சொன்னபடியே ஆனது. நடுவில் ஒரு நாள் போடுவது, அடுத்த நாள் விடுவது என்று தடுமாறி, கடைசியில் முழுக்க நின்றுபோனது. வலி திரும்ப வந்தது. டாக்டர் எச்சரித்த மாதிரியே படுத்தால் தூக்கம் இல்லை. பாயில் ஒருக்களித்துப் படுத்து, எழுந்து, முற்றத்தில் நடந்து விடிய வைத்தான். பகலில் வண்டி ஏறினால் கண்ணுக்குள் மணல் கொட்டின மாதிரி இருந்தது. “கண்ணு ஏன்லே இப்படிக் கெடக்கு?” என்று உக்கிரபாண்டி கேட்டால், “தூசி” என்றான்.

விபத்து நடந்த அன்று ஆடிக் கடைசி வெள்ளி. காலையிலிருந்து லோடு ஏற்றி, தார்ப்பாய் கட்டி, மதியச் சோறு தின்று வண்டியை எடுத்தான். கேட்டில் அருள்பாண்டி கை காட்டி நிறுத்தினான். “போன் அணைச்சாச்சா? தீப்பெட்டி, லைட்டர்? மருந்து இருக்கா?”

“இல்ல.”

“போ.”

போன வருஷம் ஒரு டிரைவர், வீட்டுக்குள் திருட்டுத்தனமாகப் பட்டாசு சுற்றுகிற சொந்தக்காரனுக்காக ஒரு பொட்டலம் மருந்தைக் கேபினில் ஒளித்துக் கொண்டுபோய்ப் பிடிபட்டான். அன்றிலிருந்து செல்வநிலா கேட்டில் இந்தக் கேள்வி. ஒவ்வொரு வண்டிக்கும், ஒவ்வொரு தடவையும். டிரைவர்கள் காதில் அது விழுவதுகூட இல்லை. வாய் தானாக ‘இல்ல’ என்று சொல்லும்.

சாத்தூர் ரோட்டில் வெயில் கண்ணாடியில் நேராக அடித்தது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். இருக்கன்குடிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் மஞ்சள் சேலையில் சாரை சாரையாக ஓரத்தில் நடந்தார்கள். சவரிராஜுக்குத் தான் கண்ணை மூடினது தெரியாது. திறந்தது தெரியும். கண்ணாடி முழுக்க மஞ்சளாக இருந்தது. உக்கிரபாண்டி, “ஆத்தா!” என்று கத்தினான். சவரிராஜ் ஸ்டியரிங்கை இழுத்து மறுபக்கம் ஒடித்தான். ரோட்டைத் தாண்டி வண்டி பள்ளத்தில் இறங்கி, ஒரு கருவேலத்தின்மேல் சாய்ந்து நின்றது.

தீப்பிடிக்கவில்லை. பக்தர்களில் ஒருத்தருக்கும் கீறல் இல்லை. உக்கிரபாண்டிக்குக் கை முறிந்தது, சவரிராஜுக்கு நெற்றி பிளந்தது. சாய்ந்த வண்டியிலிருந்து பெட்டிகள் சரிந்து புழுதியில் கிடந்தன. சேலை முந்தானையால் அவன் நெற்றியை அழுத்திப் பிடித்த ஒரு அம்மாள், “சாமி, நீரு எங்களுக்காகல்லய்யா ஒடிச்சீரு” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனுக்கு அதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது.

போலீஸ் கேபினைச் சோதித்தபோது அவன் பையில் அந்த மாத்திரை அட்டை இருந்தது.

விசாரணைக்கு வந்தவர் ரோஷினி, இன்சூரன்ஸ் சர்வேயர். கோயம்புத்தூர்க்காரர். பெத்தணன் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். பெத்தணன் பக்கத்தில் இருந்தார். அருள்பாண்டி கதவோரம் நின்றான். நெற்றியில் கட்டோடு சவரிராஜ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

“பயப்படாதீங்க அண்ணா. நடந்ததைச் சொன்னாப் போதும். வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி மருந்து பத்தி உங்ககிட்டக் கேட்டாங்களா?”

“கேட்டாகம்மா. எப்பவும் கேப்பாக.”

“என்ன சொன்னீங்க?”

“இல்லைன்னேன்.”

“நீங்க மருந்து எடுக்கறதில்லையா?”

சவரிராஜுக்குச் சுருக்கென்றது. பிடிபட்டுப் போன அந்த டிரைவரோடு தன்னையும் சேர்த்துப் பார்க்கிறார்களே என்று முகம் சூடேறியது. “நான் எதுக்கும்மா எடுக்கேன்? இத்தன வருசத்துல ஒரு தடவகூட எடுத்ததில்ல. யாருகிட்ட வேணாலும் கேளுங்க. அந்தக் களவாணிப் புத்தி நமக்குக் கெடையாது.”

ரோஷினி எழுதுவதை நிறுத்தி அவனைப் பார்த்தார். பிறகு ஒரு கவரிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். “இது யாருது?”

“என்னுதுதான்.”

“என்ன இது?”

“மாத்திரை.”

“ஒரு தடவகூட எடுத்ததில்லைன்னீங்களே?”

அவன் விழித்தான். கேள்வி எங்கிருந்து எங்கே வந்தது என்று அவனுக்குப் புரியவில்லை. “அன்னைக்கு நான் மாத்திரை போடலம்மா” என்று ஆரம்பித்தான்.

பெத்தணனுக்குப் புரிந்துவிட்டது. சிவகாசியில் பிறந்த மனிதர். அந்தம்மா எந்த மருந்தைக் கேட்கிறார், இவன் எந்த மருந்துக்குப் பதில் சொல்கிறான் என்பது ஒரு நொடியில் அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த அந்த நொடியிலேயே அதைப் பிடித்துக்கொண்டார்.

“பாத்தீகளாம்மா! இதுக்குத்தான் கேட்ல நிறுத்தி ஒவ்வொருத்தன்கிட்டயும் மருந்து இருக்கா, மருந்து இருக்கான்னு தொண்ட வத்தக் கேக்கோம். இருக்கிறத இல்லைன்னா நாங்க வயித்தக் கிழிச்சா பாக்க முடியும்?”

“அண்ணாச்சி, நான் ஒங்ககிட்டச் சொன்னேன்ல...”

“எங்கிட்டயா? இடுப்பு வலின்ன. அக்கி எழுதினேன்ன. டிரைவருக்கு இடுப்பு வலிக்காம வேற யாருக்கு வலிக்கும்? மாத்திரை, தூக்கம்னு ஒரு வார்த்த சொன்னியா?” கதவோரம் திரும்பினார். “அருள்பாண்டி, நீ கேட்டியா இல்லையாலே?”

“கேட்டேன் அண்ணாச்சி” என்றான் அருள்பாண்டி. அது பொய் இல்லை. அதனால்தான் அவனால் தலை நிமிர்ந்து சொல்ல முடிந்தது. சொன்ன பிறகு சவரிராஜைப் பார்க்கத்தான் முடியவில்லை. இரண்டு பேரும் ஒரே ஊர்.

ரோஷினி தட்டச்சு செய்து முடித்தார். ‘மருந்து உட்கொள்வது குறித்து நிறுவனம் கேட்டபோது நான் இல்லை என்று தெரிவித்தேன். மருந்து எடுத்துக்கொள்வதை மறைத்துவிட்டேன்.’ மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கையெழுத்து என்றார். வெளியே வரும்போது பெத்தணன் அவன் தோளில் கை போட்டு மெதுவாகப் பேசினார். “போட்ரு சவரி. லைசென்ஸுதான போகும், உயிரா போகப் போகுது? உக்கிரபாண்டிய ஆபீஸ் பாத்துக்கிடும். நீ முரண்டு பிடிச்சேன்னா அவன நான் எப்படிப் பாக்க?”

எதிரே டீக்கடையில் அசன் முகம்மது லோடு ஏற்றின வண்டிக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே நடந்ததையெல்லாம் கேட்டான். கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

“அண்ணே, கிறுக்காண்ணே நீ? அந்தம்மா கேட்டது மாத்திரைய. நீ சொன்னது மருந்த.”

“அந்தம்மா மருந்துன்னுதானய்யா கேட்டுச்சு.”

“அவுக ஊருல மாத்திரைக்குப் பேரு மருந்து. ஆஸ்பத்திரில போட்டிருக்க போர்டப் பாத்ததில்லையா? நீ என்னடான்னா, ஒரு தடவகூட எடுத்ததில்லைன்னு நெஞ்சத் தட்டிட்டு வந்திருக்க. அத அந்தம்மா எழுதாம என்ன செய்யும்?”

சவரிராஜ் கையிலிருந்த டம்ளரை வைத்தான். தன் மடத்தனம் முதலில் உறைத்தது. அப்புறம்தான் மற்றது. அந்த அறையில் இருந்தவர்களில் ரோஷினி ஒருத்தருக்குத்தான் தெரியாது. பெத்தணனுக்குத் தெரியும். அருள்பாண்டிக்குத் தெரியும். நடுவில் டீ கொண்டுவந்து வைத்தவனுக்கும் தெரியும். மாத்திரையைப் பற்றி இந்தக் கம்பெனி இன்றுவரை ஒரு டிரைவரிடமும் கேட்டதில்லை. தானாகப் போய்ச் சொன்னவனிடம் அதைத் தின்னாதே என்றது. அதைக் கேட்டுத் தின்னாமல் விட்டான். தூக்கம் போனது. கண் சொருகியது. இப்போது அவன் தின்றதால் வந்த விபத்து என்று எழுதி, தின்றதை மறைத்தான் என்றும் எழுதி, அதற்கு அவன் கையெழுத்தையே கேட்கிறார்கள். எப்பேர்ப்பட்ட வேலை! ஒரு மனுஷனை எந்தப் பக்கம் திரும்பினாலும் அடிக்கிற மாதிரி நாலு எழுத்தில் ஒரு சுவரைக் கட்டிவிட்டார்கள்.

“நீயும் அன்னைக்கு அங்கனதான நின்ன, அசன்? நான் அட்டைய மேசை மேல வச்சேன்ல?”

அசன் முகம்மது மூக்கைத் துடைத்துக்கொண்டான். “நின்னேன்.” பார்வையைத் தன் வண்டிப் பக்கம் திருப்பி, “சிரிக்கவும் செஞ்சேன்” என்றான்.

மறுபடி உள்ளே போனபோது சவரிராஜ் நாற்காலியில் உட்காரவில்லை. “கையெழுத்துப் போட மாட்டேம்மா.”

“ஏன்? நீங்க சொன்னதைத்தானே எழுதியிருக்கேன்?”

“நீங்க கேட்ட மருந்து வேற. இவுக கேட்ட மருந்து வேற. எங்க பக்கம் மருந்துன்னா வெடி மருந்து. கேபின்ல வெடி மருந்து ஒளிச்சு வச்சிருக்கியான்னுதான் கேட்ல கேப்பாக. மாத்திரைய யாரும் கேட்டதில்ல.”

பெத்தணன் வயிறு குலுங்கச் சிரித்தார். “தமிழ்ப் பாடம் நடத்துறாம்மா! மாட்டிக்கிட்டதும் மருந்துல ரெண்டு சாதி பிரிச்சுட்டான். மருந்துன்னா மருந்துதான? பள்ளிக்கூடத்துப் பிள்ளையக் கூப்பிட்டுக் கேளுங்க.”

ரோஷினி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. கேள்வி கேட்டுப் பிழைக்கிறவருக்குத் தன் கேள்வியிலேயே கோளாறு இருக்கலாம் என்று கேட்பது கசப்பாகத்தான் இருக்கும். “இதுக்கு என்னால என்ன பண்ண முடியும் அண்ணா? அவங்க கேட்டோம்கறாங்க. நீங்களும் கேட்டாங்கன்னுதான் சொன்னீங்க.”

“ஒண்ணும் பண்ண வேண்டாம். கேட்ல வந்து நில்லுங்க. ஒரு வண்டி வெளிய போகுது. அத மட்டும் பாருங்க.”

“வெயில்ல எதுக்கும்மா...” என்று பெத்தணன் எழுந்தார். ரோஷினி ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

அசன் முகம்மதுவின் வண்டி தார்ப்பாய் கட்டி முடித்து, உறுமிக்கொண்டு கேட்டுக்கு வந்தது. அருள்பாண்டி கை காட்டினான். பின்னால் ஆட்கள் நிற்பதைப் பார்த்து அவன் கை ஒரு தரம் தயங்கியது. ஆனால் பழகின வேலை பழகினபடிதான் வரும்.

“போன் அணைச்சாச்சா? தீப்பெட்டி, லைட்டர்? மருந்து இருக்கா?”

“இல்ல” என்றான் அசன் முகம்மது.

அருள்பாண்டி படியில் கால் வைத்துக் கேபினுக்குள் ஏறினான். பக்கத்துச் சீட்டைத் தூக்கி அடியில் கையை விட்டுத் துழாவினான். டூல்ஸ் பெட்டியைத் திறந்து மூக்கை நுழைத்து மோந்தான். தரை விரிப்பைப் புரட்டி, விரலை ஓட்டி, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

ரோஷினி கீழே நின்று கேட்டார், “என்ன தேடறீங்க?”

“மருந்துதான்.”

“மருந்தை எதுக்குச் சீட்டுக்கு அடியில தேடறீங்க?”

துழாவுகிற வேகத்தில் அருள்பாண்டி யோசிக்கவேயில்லை. “வேற எங்கனம்மா ஒளிச்சு வைப்பாக?” என்று கேட்டான். கேட்ட பிறகுதான் பெத்தணன் முகத்தைப் பார்த்தான். இறங்கப் படியில் வைத்த கால் அப்படியே நின்றது.

இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“அந்த வாக்குமூலம் வேண்டாம் அண்ணா” என்றார் ரோஷினி, சவரிராஜிடம். “நான் வேற எழுதறேன்.” பிறகு பெத்தணன் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. “மாத்திரை சாப்பிடறாங்களான்னு டிரைவர்ககிட்ட நீங்க எப்பக் கேப்பீங்க சார்?”

“அதெல்லாம்... கேப்போம்மா. அப்பப்பக் கேப்போம்.”

“சரி. இதோ ஒரு வண்டி கிளம்புது. கேளுங்க.”

பெத்தணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அசன் முகம்மது ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு மேலேயிருந்து அவரையே பார்த்தான். சளி மாத்திரை போட்டால் கண் சொருகுகிறது, இன்னைக்கு லோடு வேறு ஆளுக்குக் கொடுங்க என்று அவன் காலையில் கேட்டதும், சீசனில் சளி பிடிக்காதவன் யாருலே என்று தான் விரட்டியதும் பெத்தணனுக்கு மறந்திருக்க முடியாது. அசன் மூக்கு சிவந்து வீங்கியிருந்தது. தூரத்தில் நிற்கிறவனுக்கே தெரிந்தது.

“கேளுங்க அண்ணாச்சி” என்றான் அசன் முகம்மது. “ஒரு தடவ வாயத் தொறந்து கேட்டீகன்னா நானும் பதிலச் சொல்லிட்டு எறங்கிருவேன்.”

கேட்டால் பதிலைக் காதில் வாங்க வேண்டும். வாங்கினால் வண்டியை நிறுத்த வேண்டும். தீபாவளிக்கு இன்னும் எத்தனையோ லோடு இருந்தது. பெத்தணன் வாயைத் திறந்தார். ரோஷினியைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். கடைசியில் அவர் ஆத்திரமெல்லாம் சவரிராஜ் மேல் திரும்பியது. “நாளையிலருந்து இந்தப் பக்கம் வந்துராதலே. ஒன் மூஞ்சில முழிக்கக் கூடாது.”

“வர மாட்டேன். லைசென்ஸு எங்கிட்ட இருக்கு” என்றான் சவரிராஜ்.

கேட் ஓரம் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கிற மரக்கட்டைகள் கிடந்தன. இடுப்பு எரிந்தது. குனிந்து ஒன்றை எடுத்துக்கொண்டு லாரியின் பின்பக்கம் போனான். “அண்ணே, என்ன செய்றீக?” என்று அருள்பாண்டி கேட்டான். சவரிராஜ் பதில் சொல்லாமல் கட்டையைப் பின்சக்கரத்துக்கு முன்னால் வைத்துக் காலால் ஓங்கி உதைத்து இறுக்கினான். மேலே பார்த்து, “ஆஃப் பண்ணிட்டு எறங்குப்பா” என்றான்.

அசன் முகம்மது இஞ்சினை அணைத்தான்.